கோல்பியை நீ மாற்றிக் கொடுத்தாய், என்னை இவர்கள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்

அன்பு மகள் மார்லீஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்பால் சௌக்கியம், ஊரால் சௌக்கியமில்லை. நீ அந்த மேற்குக் கரை மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் கூப்பிட்டால் “மீட்டிங்ல இருக்கேம்மா” என்கிறாய், கடிதத்திடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது பார். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படி. விஷயம் இதுதான், உன் அம்மாவை டிரேட் செய்துவிட்டார்கள், ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சிரிக்காதே. நான் இப்போது ஆஸ்கல் ஊர் சீட்டாட்டக் குழுவின் ஆள். நம் ஊர் சர்ச்சின் கீழ்த்தளத்தில் செவ்வாய்க்கிழமை நடக்கும் யூக்கர் சீட்டாட்டத்தில் எனக்கு இனி நாற்காலி கிடையாது.

முதலிலிருந்தே சொல்கிறேன். நீ அங்கே பெரிய கூடைப்பந்து அணிக்குப் பொது மேலாளர், உன் கணக்கு உனக்கு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோல்பி யார் என்று கொஞ்சம் நினைத்துப் பார். நம் நெல்டா அத்தை பெற்ற பிள்ளை, நம் சோளக் கொட்டகையில் நீ மாட்டிவைத்த வளையத்தில் பந்து போடக் கற்றுக்கொண்ட பிள்ளை, உன்னை அக்கா அக்கா என்று சுற்றிவந்த பிள்ளை. அவனை உன் அணியில் சேர்த்தபோது ஊரே பட்டாசு வெடித்தது. ரெண்டே வருஷத்தில் அடுத்த பெரிய ஆட்டக்காரன் இவன்தான் என்று நாடே பேசுகிற நேரத்தில் அவனை எடுத்துத் தெற்கே அனுப்பிவிட்டு, முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு கிழத்தையும், நாலு வருஷம் கழித்து வரும் புதுப் பையன்களில் எவனோ ஒருவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் வாங்கிக்கொண்டாய். முப்பத்துமூன்று வயசு கிழமா என்று கேட்காதே, கூடைப்பந்தில் அது கிழம்தான், உனக்கே தெரியும். செய்தி வந்த மறுநாளே ஊர் எல்லையில் ‘கோல்பியின் ஊர் உங்களை வரவேற்கிறது’ என்ற பலகைக்குக் கீழே இன்னொரு பலகை முளைத்தது, ‘மார்லீஸ் பிறந்தது பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரியில்’ என்று. உண்மைதான், மறுக்க முடியவில்லை, அன்றைக்குப் பனி என்பதால் அங்கே போனோம். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், “ஆண்டவரே, வித்தவங்களையும் மன்னியும், அவங்களப் பெத்தவங்களையும் மன்னியும்” என்று சொல்லிவிட்டு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உன் அப்பா முடி வெட்டப் போனார், பாதி வெட்டியதும் கடைக்காரர் கத்தரியை நிறுத்தி, “வெர்லின், உள்ளதச் சொல்லு, உன் பொண்ணு பண்ணது சரியா தப்பா?” என்று கேட்டிருக்கிறார். இவர் யோசிக்கிறேன் என்றாராம். யோசித்து முடித்துவிட்டு வா, மீதியை வெட்டுகிறேன் என்று அனுப்பிவிட்டார். ஒரு வாரமாக வலது பக்கம் கேப்டன் மாதிரியும் இடது பக்கம் பைத்தியக்காரர் மாதிரியும் திரிகிறார்.

யோசிப்பது என்றால் சும்மா இல்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாதான் கோல்பி, மிளகு டப்பா அந்த முழங்கால்காரன், கடுகு பாட்டில் நாலு வருஷம் கழித்து வரப்போகிற பையன். காலையில் மூன்றையும் நகர்த்திப் பார்த்து “நம்ம பொண்ணு கெட்டிக்காரிடி, ரிங்குக்குக் கீழ நிக்க ஆளே இல்லாமத் தவிச்சாங்க, இப்ப ஆள் வந்துட்டான்” என்பார். சாயங்காலம் திரும்ப நகர்த்தி “அடப்பாவி மகளே, இருபத்திரண்டு வயசுப் பையனை எவளாவது விடுவாளா” என்று தலையில் கை வைத்துக்கொள்வார், அதுவும் முடி இருக்கிற பக்கமாகப் பார்த்து. நடுவில் சூப்புக்கு உப்பு கேட்டால், “இரு, கோல்பியை இப்ப அசைக்காதே” என்கிறார். பதினைந்து நாளாக இந்த வீட்டில் உப்பில்லாச் சாப்பாடு.

இதெல்லாம் போகட்டும், சமாளித்துவிடுவேன். நெல்டா பேசாமல் போனதுதான் என்னால் தாங்க முடியவில்லை. முப்பது வருஷமாக யூக்கரில் அவளும் நானும்தான் கூட்டாளி, எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் அவள் புருவத்தை வைத்தே கையில் என்ன சீட்டு என்று சொல்லிவிடுவேன். அவள் கடைத்தெருவில் என்னைப் பார்த்துவிட்டு, வேண்டவே வேண்டாத நாய்த்தீனி வரிசைக்குள் திரும்பிப் போனாள். அவள் வீட்டில் நாயே கிடையாது. செவ்வாய்க்கிழமை வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, உறைய வைத்திருந்த பெர்சிமன் பழக்கூழில் புட்டிங் செய்து, சூடு ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டு போனேன். படி இறங்கும்போதே தலைவி ஆர்டித் எழுந்து, “உக்காராதே ரோவீனா, ஒரு விஷயம் இருக்கு” என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள், “நம்ம குழுவோட நீண்டகால நலனை மனசுல வச்சு இந்தக் கடினமான முடிவை எடுத்திருக்கோம். ரோவீனாவோட பங்களிப்புக்கு எங்க மனமார்ந்த நன்றி. அவங்க எதிர்காலம் சிறக்க வாழ்த்துறோம்.” எங்கேயோ கேட்டது மாதிரி இருக்கிறதா? கோல்பியை அனுப்பியபோது நீ பத்திரிகைக்காரர்களிடம் சொன்னதுதான், பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். எனக்குப் பதிலாக ஆஸ்கல் குழுவிலிருந்து இரண்டு பேராம், ஒருத்திக்குக் கண்ணாடி போட்டாலும் கிளாவர் எது ஸ்பேட் எது என்று தெரியாது, இன்னொருத்தி இன்னும் வரவே இல்லை, அங்கே நூலகத்தில் வேலை பார்க்கிறாள், ஓய்வு பெற்றதும் வருவாள் என்று உரிமை வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கே இது தெரியாது, சீட்டு ஆடத் தெரியுமா என்றும் யாரும் கேட்கவில்லை. புட்டிங் தட்டு கையைச் சுடுகிறது, கீழே வைக்க எனக்கென்று ஒரு மேஜை இல்லை. நெல்டா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காரில் வந்து உட்கார்ந்து நன்றாக அழுதேன் கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். பிறகு புட்டிங்கில் பாதியைக் கையாலேயே சாப்பிட்டேன்.

டிரேட் என்றால் வைத்தியப் பரிசோதனை உண்டாமே, அதையும் விடவில்லை. ஆஸ்கலிலிருந்து மேவிஸ் என்று ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் வந்தாள். என்னை ஒற்றைக் காலில் நிற்க வைத்து, அறையின் அந்தக் கோடியில் ஒரு சீட்டைக் காட்டி என்னது என்று கேட்டு, மணிக்கட்டை முறுக்கிப் பார்த்து, “இன்னும் ரெண்டு சீசன் தாங்கும், ஆனா இடது கையில சீட்டைக் குலுக்க விடாதீங்க” என்று அப்பாவிடம் சொன்னாள், மாட்டுச் சந்தையில் சொல்வது போல. அப்பாவும் தலையாட்டுகிறார்! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஆஸ்கலில் என்னை ராணி மாதிரி வைத்திருக்கிறார்கள். புட்டிங்கைப் பார்த்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மேவிஸ்தான் என் புதுக் கூட்டாளி. நெல்டாவோடு ஆடும்போது நல்ல சீட்டு வந்தாலும் அவள் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே தடுப்பாள். இவளோ “தனியா ஆடு ரோவீனா, பயந்தா என்ன வரப்போகுது?” என்கிறாள். அவள் தன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட, நான் ஒருத்தியே தனியாக ஆடி ஆடி ஜெயிக்கிறேன், இந்த வயசில் எனக்கு இவ்வளவு துணிச்சல் இருக்கிறது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. இதை உன் அப்பாவிடம் சொன்னதும் உப்பு டப்பாவை மேஜையின் தென்கோடிக்கு நகர்த்தி வைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை என் புதுக் குழுவுக்கும் பழைய குழுவுக்கும் ஆட்டம். அதே கீழ்த்தளம், அதே மேஜை, எனக்கு எதிரே மேவிஸ், வலப்பக்கம் ஆர்டித், இடப்பக்கம் நெல்டா. ஆட்டம் முழுக்க நெல்டா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, சீட்டை வைக்கிற சத்தத்தில்தான் அவள் கோபமெல்லாம் கேட்டது. எங்களுக்கு ஒன்பது புள்ளி வந்தது. ஒன்பது வந்தால் பசு கொட்டகைக்கு வந்துவிட்டது, ஜெயிக்க இன்னும் ஒன்றுதான் பாக்கி, அப்போது கூட்டாளிகள் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும், நீயும் சின்ன வயசில் மேஜைக்கடியில் உட்கார்ந்து பார்த்தவள்தானே. ஒருத்தி விரல்களைக் கோத்துக் கட்டைவிரல் இரண்டையும் மடிக்காம்பு மாதிரி கீழே தொங்கவிட வேண்டும், கூட்டாளி பிடித்துப் பால் கறக்க வேண்டும். நானும் விரலைக் கோத்து நீட்டினேன். எதிரே மேவிஸ் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள், என் கை இடப்பக்கம் திரும்பி நெல்டாவின் முகத்துக்கு நேரே நிற்கிறது. முப்பது வருஷமாக அவளிடமே நீட்டிய கை, அவள் இப்போது எந்தப் பக்கம் ஆடுகிறாள் என்று அதற்கு என்ன தெரியும்? கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. நெல்டா என் கட்டைவிரலையே பார்த்தாள். பிறகு தன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, வழக்கம் போல வாயால் சர்ர் சர்ர் என்று சத்தமும் கொடுத்துக் கறந்தாள். ஆர்டித் நாற்காலி சாயும்படி எழுந்து, “ஏ நெல்டா, நீ எந்தக் கட்சிடி? அது எதிரி மாடு!” என்று கத்தினாள். நெல்டா நிறுத்தவில்லை. “சும்மா இரு ஆர்டித். யாரு மாடா இருந்தா என்ன, மடி கட்டிக்கிட்டுக் கத்துதே, கறக்காம விடுவாங்களா?” என்றாள். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது, அவளுக்கும்தான். ஆட்டம் செல்லாது என்று ஆர்டித் அறிவித்தாள், யார் கேட்டார்கள்.

ஆட்டம் முடிந்து பாத்திரம் கழுவும்போது நெல்டாதான் பேச்சை எடுத்தாள். “அவனை அனுப்புனதுக்கு எனக்குக் கோபமில்ல ரோவீனா. அங்க தெக்க நல்லா ஆட விடுறாங்க, பந்தை இவன் கையிலயே குடுக்குறாங்க. ஆனா அன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? உன் பொண்ணு ஆபீஸ்லருந்து போன் வந்திருக்கு. இவன் அவதான்னு நெனச்சு ‘சொல்லுக்கா’ன்னு எடுத்திருக்கான். யாரோ ஒரு ஆளாம். பேரைக்கூடச் சரியாச் சொல்லாம, நாளைக்குக் காலைல பிளைட்டுன்னுட்டு வச்சுட்டானாம்” என்றாள். தட்டைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னாள், ஒரே தட்டைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். விதி இருக்கிறது, எல்லாம் அவனுடைய ஏஜென்ட் மூலமாகத்தான் என்று போன மாதமே சொன்னாய். கொட்டகையில் வளையம் மாட்டினாயே, ஏஜென்ட் மூலமாகவா மாட்டினாய்? அவன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயந்துதானே வேறு ஆளை விட்டுப் பேசச் சொன்னாய், உன்னைப் பெற்றவளுக்கு அதுகூடத் தெரியாதா? அழுதால் என்னடி, மேலாளர் வேலை போய்விடுமா? நீ அவனை மாற்றிக் கொடுத்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. கடுகு பாட்டில் வளர்ந்து வந்து ஆடும்போது தெரியும், அதுவரை அப்பா நகர்த்திக்கொண்டிருக்கட்டும். ஆனால் நீ கூப்பிடாதது தப்பு. சூடான தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ படிக்கிற நன்றியைக் கேட்டுக்கொண்டு நின்றவள் சொல்கிறேன், நம்பு. இடம் மாறினால் பிழைத்துக்கொள்ளலாம். நம்மவர்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதுதான் ராத்திரி தூங்க விடுவதில்லை.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம் போல. நெல்டா நேற்று ஆர்டித்திடம் போய் “என்னையும் ஆஸ்கலுக்கு அனுப்பு, இல்லேன்னா முதுகு பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டு சீசன் முழுக்க பெஞ்சுல உக்காந்துக்குவேன்” என்று மிரட்டியிருக்கிறாள். பெரிய ஆட்டக்காரர்கள் இப்படித்தான் செய்வார்களாமே. ஆர்டித் இவளுக்குப் பதிலாக மேவிஸையும் என் புட்டிங் செய்முறையையும் கேட்கிறாள். செய்முறையைத் தரமாட்டேன், பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், எடுத்த காரியமெல்லாம் ஜெயிக்கட்டும், அந்தக் கிழவனின் முழங்காலும் தாங்கட்டும். நான் பின்னி அனுப்பிய கம்பளி மப்ளரைப் போட்டுக்கொள், டிவியில் நீ வெறும் கழுத்தோடு நிற்கிறாய். முக்கியமானதை மறந்துவிடாதே. கோல்பி பழைய நம்பரைத்தான் வைத்திருக்கிறான், அவன் போனில் உன் பெயர் இன்னமும் அக்கா என்றுதான் இருக்கிறதாம், நெல்டா பார்த்திருக்கிறாள். நீ கூப்பிட்டால் எடுத்ததும் ‘சொல்லுக்கா’ என்பான். அப்போதாவது சொல்லு.

இப்படிக்கு,
எந்த அணிக்கு மாற்றினாலும் உனக்கு அம்மாவாகவே இருக்கும்,
ரோவீனா
(தற்சமயம் ஆஸ்கல்)