அவரே எடுத்த கோல்

வெள்ளிக்கிழமை, இரவு

யூட்டுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கலியாணம் கட்டிப் பதினெட்டு வருடமாக, கடலிலிருந்து என்னோடு கதைக்க வேண்டுமென்றால் என் பெயரைத் தேடி எடுத்துத் தரச் சொல்லி, படகில் கூட வருபவரிடம்தான் போனை நீட்டுவார்.

நேற்று யாழ்ப்பாணத்துக் கடையில் ஐபோன்தான் வேண்டுமென்று நின்றார். கூட்டாளிகள் எல்லோரும் அதுதான் வைத்திருக்கிறார்களாம். கடையில் நின்ற பிள்ளை, "அன்ட்ரொய்ட் எண்டால் முகப்பிலை ஆக்களின்ரை படத்தைப் பெரிசாப் போட்டுவிடலாம் அக்கா. படத்தைத் தொட்டால் கோல் போகும்" என்றாள். நான் பிடிவாதமாக அதையே எடுக்க வைத்தேன். அவர் வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் முகப்பில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, என் படத்தையும் மகளின் படத்தையும் மட்டும் வைத்தேன்.

இன்று காலை மீன்குழம்பு கொதிக்கும்போது போன் அடித்தது. கடலிலிருந்து அவர்தான்.

"என்னப்பா, என்ன நடந்தது?" என்று பதறினேன்.

"ஒண்டுமில்லை. உன்ரை படத்தைத் தொட்டனான். ஒருத்தரையும் கேக்கேல்லை. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

கரைக்கு வருவதற்குள் இன்னும் நான்கு முறை எடுத்தார். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இருவரும் சிரித்துச் சிரித்து அதையே சாப்பிட்டோம்.