பதினோரு சம்மதம்

மார்ச் 4

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

நலம் என்று எழுத ஆசைதான். உன் புது வீட்டுப் படத்தைப் பார்த்த பிறகு கை வரவில்லை. வீட்டுக்குள்ளேயே லிஃப்ட்டாமே! உன்னை இடுப்பில் சுமக்க ஆள் வேண்டும் என்று என் படிப்பை இரண்டாம் வகுப்போடு நிறுத்தினார் அப்பா. இப்போது உன்னைச் சுமக்க மிஷினே வந்துவிட்டது. நல்லா இரு.

என் பேத்தியும்தான் மாத்திரைக்கு மணியடிக்கிற ஆப் செய்தாள், உன் பேரனைப் போலவே. அவனுடையது இலவசம், ஆனால் மாடி மேல் மாடி கட்டுகிறான். இவளுடையதற்கு வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கட்ட வேண்டும். தையல்கடைக்கு மேலே ஒற்றை அறையில், ஒழுகுகிற ஏசிக்கு வாளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். விளம்பரம் போடமாட்டாளாம். யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பது அவரவர் போனைத் தாண்டக் கூடாதாம். "வாங்குறது யாருன்னே எனக்குத் தெரியாது பாட்டி" என்கிறாள் பெருமையாக. கடைக்கு வந்தவன் முகம் தெரியாத முதலாளியை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

உன் பேரன் ஆப்பையும் போட்டுப் பார்த்தேன். சம்மதமா, சம்மதமா என்று பதினோரு தடவை கேட்டது. என் கல்யாணத்துக்கே என்னை ஒரு தடவைகூட யாரும் கேட்கவில்லை. அந்த மரியாதைக்காகவே எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்தேன். மலச்சிக்கல் மாத்திரையின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து போனைத் திறந்தாலே அந்தப் பொடி, இந்த மருந்து என்று காட்டிக்கொண்டே இருக்கிறான். என் வயிற்றை இவ்வளவு அக்கறையாக என் வீட்டில் எவன் விசாரித்தான்?

அவன் என் பேத்தியின் ஆப்பை விலைக்குக் கேட்கிறான், தெரியுமா? இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். வித்துத் தொலை என்று சொல்லிவிட்டேன். என் பேச்சைத் தட்டமாட்டாள். அவளும் உன் பேரன் மாதிரி நிமிரட்டும்.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

போனில் சொல்ல முடியாது. இந்த வீட்டில் விளக்குக்கும் காது இருக்கிறது. படித்துவிட்டுக் கத்தாதே.

அது அக்கறை இல்லை அக்கா. உன் வயிற்றுச் சங்கதியை அவன் மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறான். அவன் இலவசமாகக் கொடுப்பது அதற்குத்தான்.

எனக்கு மறதி வந்திருக்கிறது. டாக்டரையும் இப்போது உன்னையும் தவிர யாருக்கும் தெரியாது. அந்த மாத்திரையை முதலில் பேரன் ஆப்பில்தான் எழுதினேன். இரண்டே நாளில் ஹால் டிவியில் முதியோர் விடுதி விளம்பரம். மருமகள், "அத்தை, தோட்டமெல்லாம் நல்லா இருக்குல்ல?" என்றாள். அன்றே அதை அழித்துவிட்டு உன் பேத்தியுடையதை வாங்கினேன், பணம் கட்டித்தான். வாங்கியது நான் என்று அவளுக்கே தெரியாது. அதுதான் எனக்கு நிம்மதி. அவன் கைக்குப் போனால் அதுவும் மறுநாளே வாய் திறந்துவிடும்.

விற்க விடாதே அக்கா. என்னைப் பற்றி அவளிடமும் சொல்லாதே.

சின்னவள்

மார்ச் 17

சின்னவளே,

கத்தத்தான் செய்தேன், அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு.

பேத்தியிடம் விற்காதே என்றேன். "அன்னிக்கு வித்துத் தொலைன்னு நின்னீங்க, இப்ப என்ன ஆச்சு?" என்று துருவினாள். "உனக்கு மட்டும்தான் சொல்லாம இருக்கத் தெரியுமா?" என்றேன். அவளுக்கும் விற்க மனசில்லை போலிருக்கிறது. அங்கேயே போனை எடுத்து முடியாது என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் உன் பேரன் என்னைக் கூப்பிட்டான். "பெரிய பாட்டி, நீங்கதான் கெடுத்தீங்களாமே?"

"ஆமாண்டா, பொறாமை" என்றேன். உடனே நம்பிவிட்டான். இனி உன் வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது.

முழுப் பொய்யும் இல்லை. சின்ன வயதில் உனக்காக அத்தை என்னை முறைத்தது, நீ என் பச்சைச் சேலையைக் கேட்காமல் கட்டிக்கொண்டு போனது எல்லாம் எனக்குக் கிழமையோடு ஞாபகம் இருக்கிறது. மறக்கிற வரமும் உனக்கே போய்விட்டது.

நீ எழுதிய கடிதம் ஒன்று விடாமல் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சண்டை வந்தால் சாட்சி வேண்டுமே. இந்த ஒன்றை மட்டும் கொளுத்திவிட்டேன். படித்ததும் நீயும் இதைக் கொளுத்திவிடு.

மறந்துவிடாதே.

அக்கா