முதலில் வந்த குறுஞ்செய்தி என் அப்பாவுடையது அல்ல

அனுப்புநர்
ஏ. ஹேமாவதி,
பத்தாம் வகுப்பு மாணவி,
கீழத் தெரு, சாலவாக்கம் அஞ்சல்,
உத்திரமேரூர் வட்டம்.

பெறுநர்
வட்டார மருத்துவ அலுவலர் அவர்கள்,
உத்திரமேரூர்.

பொருள்: சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்ட என் அப்பாவை வீட்டுக்கு வந்து பரிசோதிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளவும்.

1. சென்ற மாதம் ஓர் அறக்கட்டளையினர் எங்கள் ஊரில் ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். ஆளுக்கு ஓர் எண் போட்ட சீட்டைக் கொடுத்து, முடிவு போனில் வரும் என்றார்கள். என் அண்ணன் மோகன்குமார் கல்லூரியில் படிக்கிறான், அவன் போனில் எப்போதும் நெட் இருக்கும் என்று தெருவே அவனுடைய எண்ணைக் கொடுத்தது.

2. முடிவுகள் ஆங்கிலத்தில் வந்தன. பெயர் இல்லை, சீட்டு எண் மட்டும் இருந்தது. அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. ரேஷன் கடை வரிசை போல, முதலில் ரத்தம் கொடுத்தவருக்கு முதல் செய்தி என்று எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் வாசித்துச் சொன்னான். வரிசையில் முதலில் நின்றவர் என் அப்பா ஏழுமலை. முதல் செய்தி ‘நார்மல்’. அப்பா அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

3. அண்ணன் போனில் இருந்த செய்திகளை நான் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ‘நார்மல்’ பக்கத்து வீட்டு மலர்க்கொடி அக்காவுடையது. அப்பாவுக்குச் சர்க்கரை மிக அதிகம். ஒரு நோயும் இல்லாத அக்கா, அண்ணன் வாசித்ததை நம்பித் தனக்குச் சர்க்கரை என்று சோற்றை விட்டுப் பாகற்காய்ச் சாறு குடித்து, நடவில் மயங்கி உட்கார்ந்தார். அவரிடம் சொன்னால், “காலேஜ் படிக்கிற புள்ள தப்பா சொல்லுமா?” என்கிறார். அப்பாவோ பாயசம் கேட்கிறார்.

4. அண்ணனிடம் சொன்னேன். “பத்தாவது படிச்சிக்கினு எனுக்கே சொல்றியா? இப்ப மாத்தி சொன்னா தெருவுல மானம் இன்னா ஆவறது?” என்று கையை ஓங்கினான். இனிமேல் பேசினால் என் படிப்பை நிறுத்தச் சொல்வானாம்.

5. மாத்திரை கொண்டுவந்த செவிலியர் பிரிஸ்கில்லா அக்காவிடம் அப்பா அண்ணன் போனை வாங்கி அந்தச் செய்தியைக் காட்டி, “எனுக்கு நார்மலா கீதும்மா, வேற யாருக்கனா குடு” என்றார். அவரும் படித்துவிட்டுப் போய்விட்டார். படித்தவர்கள், படிக்காதவர்கள், சிறியவர்கள், பெரியவர்கள், ஒருவர்கூட அது யாருடைய முடிவு என்று பார்க்க மாட்டார்களா ஐயா?

6. வரப்பில் முள் குத்திய அப்பாவின் கால் புண் இன்னும் ஆறவில்லை. கட்டைவிரல் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. செருப்பு கடித்தது என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே, பிரிஸ்கில்லா அக்காவைச் சர்க்கரை மீட்டருடன் எங்கள் தெருவுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியது தெரியாமலிருக்க, எல்லா வீட்டிலும் பார்க்கட்டும். அப்பா எதிரிலேயே குத்தி, வரும் எண்ணை அவருக்குத் தமிழில் சொல்லட்டும். அவர் கால் புண்ணையும் பார்க்கட்டும். பதில் ஏதும் போனில் அனுப்ப வேண்டாம்; அதை அண்ணன்தான் படிப்பான். காலை எட்டு மணிக்குள் அப்பா கழனிக்குக் கிளம்பிவிடுவார். அதற்கு முன் யாராவது வாருங்கள் ஐயா.

இடம்: சாலவாக்கம்
நாள்: 12.11.2025

இப்படிக்கு,
பணிவுடன்,
ஏ. ஹேமாவதி