குதிரை மட்டும் வந்த படம்

மாசி 4, திங்கள்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. கொட்டகை மணலுக்குத் தண்ணீர் தெளித்தாயிற்று. வாங்க வேண்டியது: மெஷின் விளக்குக்குக் கார்பன் குச்சி, ஃபிலிம் ஒட்டும் பசை, அம்மாவுக்குப் புகையிலை.

அந்தப் படம் வெள்ளிக்கிழமை முதல் நம் கொட்டகையிலாம். முதலாளி வாயெல்லாம் பல். ஆபரேட்டர் நான்தான் ஓட்ட வேண்டும். விதி.

டைரக்டர் பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன். டை. போதும். போன வருஷம் பட்டணத்து ஸ்டுடியோவில் எனக்குத் தூதன் வேஷம் கொடுத்தவர். ராஜா போரில் இறந்த சேதியை ராணியிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும். ஒரே காட்சி. நான் அழுத அழுகையில் விளக்குப் பிடித்தவனே கண்ணைத் துடைத்தான். ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். படம் சேலத்துக்கு வந்ததும் எருமப்பட்டி உறவெல்லாம் பஸ் பிடித்து வந்தது. தூதன் வரவில்லை. டை. வெட்டி எறிந்துவிட்டார். ஆளில்லாத குதிரை மட்டும் அரண்மனை வாசலில் வந்து நின்றது. அதைப் பார்த்தே ராணி அழுதாள். படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகும் அம்மா எழவில்லை. "எம் பையன் இன்னும் வரலீங்களே" என்று பக்கத்தில் இருந்தவளிடம்.

அந்த ஆளைச் சும்மா விடுவதில்லை.

மாசி 5, செவ்வாய்

காப்பி கிளப்பில் டை. பக்தர் சபை. தலைவன் நல்லசிவம், என் மாமன் மகன். எனக்கு 'வராத தூதன்' என்று பெயர் சூட்டிய புண்ணியவான். இனி ந.சி.; முழுப் பெயர் எழுதினால் மை தண்டம்.

ந.சி.: "ராஜா செத்த சேதிக்கு ஒரு பேச்சு உண்டுங்களா? தூதன் ஒருத்தன் வந்து ஒப்பாரி வெச்சிருந்தா அது நாடகம். வெறுங் குதிரையக் காட்டிப்போட்டாரு பாருங்க, அங்கதானுங்க டைரக்டரு நிக்கறாரு!"

டிராயிங் மாஸ்டர் சவரிமுத்து மட்டும் எதிர்க்கட்சி. சேலத்துக்காரர், கோயில் பூசை முடிந்தால் நேரே சினிமா. "கெட்டிக்காரர்தான், இல்லேங்கல. ஆனா போன படத்துல காலி ஊஞ்சல், அதுக்கு முந்தி காலி செருப்பு. ஆளைக் காட்டாம இருக்கறதையே எத்தனை நாளைக்குக் காட்டுவாரு?"

மாஸ்டருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு.

ந.சி. என் பக்கம் திரும்பி, "மாப்பிள, உன்னையக் காட்டாததுனாலதான் படமே ஓடுச்சு." சபை முழுக்கச் சிரிப்பு. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மாசி 7, வியாழன்

பெட்டி வந்தது. ரீல்களைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்பதாம் ரீலில் ராஜா குழந்தையைக் கொஞ்சிவிட்டுச் சிரித்துக்கொண்டே போருக்குப் போகிறார். பத்தில் அந்தச் சனியன் பிடித்த குதிரை.

சோறு போடும்போது அம்மா: "அந்தப் பெட்டிக்குள்ள எங்கியாச்சும் நீ மிச்சம் இருப்பியா சாமி?" இல்லை என்றேன்.

யோசனை வந்துவிட்டது. பத்தை முதலில் ஓட்டி, அப்புறம் ஒன்பது. செத்த ராஜா சிரித்துக்கொண்டு திரும்பி வருவார். தலையும் வாலும் புரியாமல் ஊரே காறித் துப்பட்டும். குதிரை, மேதை எல்லாம் மணலில் புரளட்டும்.

மாசி 8, வெள்ளி

முதல் ஆட்டம். நல்ல கூட்டம். பத்தை ஓட்டினேன். குதிரை வந்தது, ராணி அழுதாள். ரீல் மாற்ற விளக்குப் போட்டபோது முறுக்குக்காரன் உள்ளே வந்தான். யாரும் வாங்கவில்லை. அப்புறம் ஒன்பது. ராஜா குழந்தையைத் தூக்கினார். கூச்சலுக்குக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல். பிறகு கொட்டகை மொத்தமும்.

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராகிவிட்டது.

மாசி 9, சனி

வயிறு எரிகிறது. கிளப்பில் இதே பேச்சு.

ந.சி.: "சாவை முன்னாலயே சொல்லிப்போட்டு, அப்புறமாச் சிரிக்க உடறாரு பாருங்க. பெத்த புள்ளையக் கொஞ்சறப்ப எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு!"

மாஸ்டர்: "சேலத்துல இப்படி இல்லப்பா. நான் ரெண்டு தடவை பார்த்தவன்."

"அது பழசுங்க. டைரக்டரு திருத்தி அனுப்பியிருக்காரு. கோட்டுப் படம் போடறவிங்களுக்கு இதெல்லாம் பிடிபடாதுங்க."

மாஸ்டர் முகம் சிறுத்துப்போயிற்று. சாயங்காலம் அவரே ஆபரேட்டர் அறைக்கு வந்தார். "தம்பி, உள்ளதைச் சொல்லு. மாத்திப் போட்டியா?" கார்பனைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஆமாம் என்றால் வேலை போகும். இல்லை என்றால் பெருமை டை.க்குப் போகும். மாஸ்டர் படியிறங்கிப் போனார். பாவம், ஊரிலேயே உண்மை பேசிய ஒரே ஆள்.

மாசி 12, செவ்வாய்

ராசிபுரத்திலிருந்தும் வண்டி கட்டி வருகிறார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. நாளை டை. நேரில் வருகிறாராம். மாலை, மேளம், வரவேற்புப் பத்திரம். பத்திரம் வாசிப்பது ந.சி.

வரட்டும்.

மாசி 13, புதன்

வந்தார். காரை விட்டு இறங்கியவர் என்னைப் பார்த்தார். பார்வை என்மேல் நிற்கவேயில்லை. எனக்கு வேஷம் கட்டிவிட்ட மனிதர்!

ஆட்டத்துக்கு முன் மேடையில் ந.சி. பத்திரம் வாசித்தான். சாவை முதலிலும் சிரிப்பைப் பின்னாலும் வைத்த மேதையே என்று. டை. கண்ணைக் கொட்டினார். விழிக்கிறார், மாட்டிக்கொண்டார் என்று எனக்கு உள்ளே ஒரு குதிப்பு. அடுத்த நிமிஷம் எழுந்து, "ஆமாம். முடிவு தெரிந்த பிறகு வரும் சிரிப்பில்தான் கண்ணீர் இருக்கிறது. அதற்காகத்தான் மாற்றினேன்." கைதட்டல் ஓயவேயில்லை.

ஓட்டினேன். எட்டு முடிந்தது. கை பத்தாம் டப்பா மேல். எடுக்கவில்லை. ஒன்பதை மாட்டினேன். அவருடைய சொந்த வரிசை. இப்போது பேசட்டும்.

ந.சி.தான் முதலில் எழுந்தான். "ரீலை மாத்திப்போட்டான்டா!" தரை டிக்கெட்டிலிருந்து மணல் பறந்தது. டை. திரும்பிப் பார்த்து, "ஆபரேட்டர் குடித்திருக்கிறானா?"

முதலாளி சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் கத்தினேன்: "டப்பாவில நம்பர் இருக்குதுங்க, பாருங்க!" மாஸ்டர் ஒருவர்தான் வந்து பார்த்தார். "நம்பர் சரியாத்தான் இருக்கு" என்றார்.

"நம்பர் பழசுங்க மாஸ்டர்" என்றான் ந.சி.

மாசி 14, வியாழன்

வேலை போயிற்று. சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியை எடுக்கப் போனேன். குமாரபாளையத்திலிருந்து வந்த புது ஆபரேட்டருக்கு முதலாளி பாடம் நடத்திக்கொண்டிருந்தார். டப்பாக்களில் பழைய எண்ணைச் சுரண்டிப் புது எண்.

"டைரக்டரே சொல்லிப்போட்டுப் போனாரு. இனி எல்லா ஊர்லயும் இப்படித்தானாம்."

டை. நாசமாய்ப் போக. ந.சி. வாய் புழுத்துப் போக. இதை எத்தனை தடவை எழுதினாலும் ஆறவில்லை.

சாயங்காலம் அம்மா படம் பார்க்க வேண்டும் என்றாள். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அவள் பெண்கள் பக்கம், நான் தடுப்புக்கு இந்தப்புறம். பத்து, பிறகு ஒன்பது. ராஜா சிரித்தார். பாவி, எனக்கே அழுகை வந்துவிட்டது.

திரும்பி நடக்கும்போது அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, "இத்தன நல்லா யாரு சாமி பண்ணுனது?"

"நான்தான்" என்றேன்.

"ஆமா சாமி, ஆமா" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். நம்பவில்லை.