எதிர்க்கட்சி வக்கீலம்மாவுக்கு ஒரு பொட்டு

இன்று காலை உப்பளத்துச் சங்கக் கட்டடத்தில் அரக்கு உருக்கினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அரசு விடுதிகளுக்கு உப்பு வாங்கும் டெண்டருக்கு மாதிரிப் பையின் வாயை அரக்கு வைத்து மூடிக்கொண்டிருந்தார்கள். டெண்டரெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டாலும் உப்பைக் கம்ப்யூட்டரில் அனுப்ப முடியாதே என்று நீ சிரிப்பாயே, அது இன்றைக்கும் மாறவில்லை.

இப்போது சென்னை பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பை மடியில் இருக்கிறது. சங்கத் தலைவி அஞ்சலைக்குக் கால் வீங்கியிருப்பதால், எப்படியும் ஒரு வழக்குக்காகப் போகிற என்னிடமே கொடுத்துவிட்டாள்.

இதே பஸ்தான். நீ பொம்மையார்பாளையத்தில் ஏறி, பக்கத்து சீட்டில் கைப்பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். நான் மரக்காணத்தில் ஏறுவேன். சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், தொழிலில் எதிரெதிர்ப் பக்கம் போய்விட்டோம். அரசுக்குப் பொருள் விற்கிறவர்களுக்கு நான் வக்கீல். வாங்குகிற துறைக்கு நீ சட்ட ஆலோசகர். நமக்குள் ஒரே ஒரு ஒப்பந்தம்தான் இருந்தது. ஒரே வழக்கில் எதிரெதிராக நின்றால், அது முடிகிறவரை பஸ்ஸில் தனித்தனி சீட்டு, பேச்சும் கிடையாது. அதை நீ கறாராகக் கடைப்பிடித்தாய். எனக்குத்தான் கோவளம் வருவதற்குள் வாய் அரிக்கும்.

சங்கத்தின் முதல் டெண்டர் உனக்கு மறந்திருக்காது. தரகரை நம்பியே உப்பு விற்றுக்கொண்டிருந்த பெண்கள் ஒன்று சேர்ந்து, குத்தகைக்குப் பாத்தி எடுத்து, அயோடின் கலக்கும் மெஷினும் வாங்கியிருந்தார்கள். அந்த டெண்டர் கிடைக்காவிட்டால் மழைக்கு முன் உப்பை விற்க வேறு வழியில்லை, சங்கத்தைக் கலைத்துவிட்டு மறுபடி தரகரிடமே கூலிக்குப் போக வேண்டியதுதான். விலையில் அவர்கள்தான் குறைவு. ஆனால் பரிசோதனைக்கே எடுக்காமல் மாதிரியைத் தள்ளிவிட்டார்கள். காரணம், பையின் வாயில் மஞ்சள் குங்குமப் பொட்டு.

யாருடைய உப்பு என்று பரிசோதிக்கிறவருக்குத் தெரியக் கூடாது, அதனால் மாதிரியில் அடையாளக் குறி எதுவும் இருக்கக் கூடாது என்பது ஷரத்து. அஞ்சலைக்கு அதை நான் படித்தே காட்டியிருந்தேன். பேர் எழுதவில்லை, சங்க முத்திரை வைக்கவில்லை. பொட்டும் ஒரு குறிதான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அளத்தை விட்டு வெளியே போகிற எந்த மூட்டைக்கும் பொட்டு வைக்காமல் இருந்ததில்லை. சங்கத்தில் பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்களும் பொட்டில்லாத மூட்டையைத் தூக்க யோசிப்பார்கள்.

மேல்முறையீட்டு விசாரணைக்குப் போன அன்று உன் பக்கத்து சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் இரண்டு சீட்டு தள்ளிப் போய் உட்கார்ந்தேன். பின் சீட்டில் அஞ்சலை வேறு, அந்தம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாமே என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

விசாரணை அதிகாரி முன் நான் மத நம்பிக்கை, வழக்காறு, அரசியல் சாசனம் என்று ஒன்று விடாமல் அவிழ்த்துக் கொட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். துறை என்ன சொல்கிறது என்று உன் பக்கம் திரும்பினார். நீ எழுந்து, உன் பின்னால் நின்ற கொள்முதல் பிரிவு கிளார்க்கிடம் கேட்டாய்.

“லேபுக்கு எது போகுது? வெளிப்பையா, உள்பாக்கெட்டா?”

“வெளிப்பை இங்கயே நின்னுடும் மேடம். உள்பாக்கெட்ல நம்பர் ஒட்டித்தான் அனுப்புவோம்.”

“உள்பாக்கெட்ல பொட்டு இருக்குதா?”

“இல்லீங்க மேடம்.”

நீ அதிகாரியைப் பார்த்து, அப்படியானால் இந்தப் பொட்டால் ஏமாறப் போகிறவர் யாருமில்லை, ஷரத்தின் நோக்கம் கெடவில்லை, மாதிரியைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்வதில் துறைக்கு ஆட்சேபணை இல்லை என்றாய். அவ்வளவுதான். என் அரசியல் சாசனம் அப்படியே மேசையில் கிடந்தது. அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெயிச்சுட்டமா என்று இரண்டு தரம் கேட்டாள். ஜெயிக்க வைத்தது எதிர்க்கட்சி வக்கீலம்மா என்றேன், நம்பாமல் உன்னையே பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நீ நேராக என் சீட்டுக்கு வந்தாய்.

“தள்ளி உக்காருடி.”

முந்தின நாளே துறைக்கு எடுத்துச் சொல்லி, பெரிய ஆபீஸரைச் சம்மதிக்க வைத்திருந்தாயாம். சரியான உப்பைத் தவறான காரணத்துக்குத் தள்ளினால் கோர்ட்டில் நிற்காது, விடுதிப் பிள்ளைகளுக்கும் நல்ல உப்பு போகாது என்றிருக்கிறாய். பின்னே ஏண்டி என்னை அவ்வளவு நேரம் பேச விட்டாய் என்று கேட்டேன். “நல்லாத்தானே பேசிட்டு இருந்த, ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்” என்றாய். கோவளம் வரைக்கும் நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் திட்டியதில்லை.

உப்பு பரிசோதனையில் தேறியது. மழை இறங்குவதற்கு முன்னால் முதல் லாரி கிளம்பியது. அளத்துப் பெண்கள் குலவையிட்டபடி ரோடு வரை அதன் பின்னாலேயே போனார்கள். அடுத்த டெண்டரிலேயே ஷரத்தைத் திருத்தினாய். வெளிப்பையில் மங்கலக் குறி இருக்கலாம், எண் போடுமுன் அந்தப் பை அகற்றப்படும். உன் கைப்பட எழுதிய அந்த வரி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. சங்கத்துக்கு இப்போது சொந்தக் கட்டடம் இருக்கிறது, சொந்த லாரி இருக்கிறது. தரகர் வந்து இவர்களிடம் உப்பு கேட்டு நிற்கிறார். அதை நீ பார்த்திருக்க வேண்டும். நோய் உன்னை அதற்குள் கொண்டுபோய்விட்டது என்பதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் இருக்கிறது.

இப்போது வானூர் பக்கத்திலிருந்துகூட அரசுக் கொள்முதல் ஆபீஸர்கள் என்னிடம் வருகிறார்கள். டெண்டர் விடுவதற்கு முன்னாலேயே ஷரத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார்கள். யாராவது தவறைத் தூக்கிக்கொண்டு வந்தால், அதில் ஏமாந்தது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன். உன் கேள்விதான். திருப்பித் தருகிற எண்ணம் இல்லை.

காலையில் அரக்கு காய்ந்ததும் அஞ்சலை பையின் வாயில் தாராளமாக மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். பார்த்தால் இரண்டு பொட்டு. எதற்கு இரண்டு என்று கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தானாம், எனக்குத்தான் தெரியவில்லை.

“ஒண்ணு உப்புக்குங்க. இன்னொண்ணு எதிர்க்கட்சி வக்கீலம்மாவுக்கு.”

பஸ்ஸில் இன்று நல்ல கூட்டம். பக்கத்து சீட்டு காலியா என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். ஆள் வருகிறது என்றேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.