மஞ்சள் பிரித்த விரிப்பு

பொடியா, என் ஐயா விமலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் எழுந்து நடமாடிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறேன், மூட்டுவலி காலையில் செத்த நேரம் படுத்தும், வேலை பார்க்கப் பார்க்க அதுவே அடங்கிவிடும். கடல் தாண்டி இருக்கிற நீ வயிறு நிறையச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் அடுப்பைப் பற்றவைக்கும்போதே நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் விடும்மா, வேண்டாம்மா என்று நீ வைத்துவிடுகிறாய். எனக்கும் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்தது மறந்துபோகிறது. காகிதம் என்றால் முழுசையும் சொல்லி முடிக்கலாம். பக்கத்து வீட்டு ஷெரின் நீங்கள் சொல்லுங்கள் அத்தை, நான் எழுதித் தருகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். அஞ்சாவது வரைக்கும் படித்தது இதற்குக்கூட ஆகாவிட்டால் பிறகு எதற்கு.

சேத்தூர் பேச்சிமுத்து லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அவன் உன் ரூமுக்கே வருவதால் அவன் கையில் ஒரு விரிப்பு கொடுத்து விடுகிறேன், இந்தக் கடிதமும் அதற்குள் சுருட்டித்தான் வரும். தீபாவளிக்குப் பேசும்போது நீ சொன்னாய் அல்லவா, ஏசி போட்டுப் போட்டுத் தரை ஐஸ் மாதிரி கிடக்கிறது, கட்டிலை விட்டு இறங்கினால் குதிகால் விண்ணென்று வலிக்கிறது, அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு மிதிக்கிறேன் என்று. அன்றைக்கே எனக்கு அது மனசில் விழுந்துவிட்டது. கடையில் வாங்கிக்கொள்வேனே என்பாய், வாங்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். உங்கப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு நல்ல வேட்டி சட்டைகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். நைந்தது, கறை படிந்தது, மில்லில் பிட்டர் வேலைக்குப் போட்டுப்போன காக்கிச் சட்டை நான்கு, வீட்டில் கட்டுகிற கட்டம் போட்ட சாரம் ஐந்து, இதையெல்லாம் நான் யாருக்கும் காட்டாமல் டிரங்குப் பெட்டியிலேயே போட்டுப் பூட்டிவிட்டேன். ஏழு மாதம் திறக்கவில்லை. தை பிறந்ததும் திறந்தேன். அழுவதற்குத் திறக்கவில்லை ஐயா, கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டுதான் திறந்தேன்.

இரண்டு விரல் அகலத்துக்கு நாடா நாடாவாகக் கிழித்து, நுனியோடு நுனி கோத்து நீளமாக்கி, காக்கி ஒரு பிரி, சாரம் ஒரு பிரி, வெள்ளை ஒரு பிரி என்று சடை பின்னுவதுபோலப் பின்னினேன். பின்னியதை நடுவிலிருந்து வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே வந்து கோணி ஊசியால் தைத்தேன். வெள்ளைக்கு என்ன செய்தேன் என்று கேள். பெட்டியின் அடியில் பேப்பர் சுற்றி ஒரு பழைய நாலு முழ வேட்டி இருந்தது, பழுப்பேறிப் போய்க் கிடந்தது, நல்ல கெட்டி நூல். கிழித்தேன், முப்பது நாடா வந்தது. மில்லில் இருபத்திரண்டு வருசம் நூற்பு மெஷினில் சைடு பார்த்தவள் நான், அறுந்த நூலை ஒட்டி ஒட்டித்தான் உன்னைப் படிக்கவைத்தேன், இந்த நாடாவா எனக்குப் பெரிசு. ஆனாலும் ஒரு மாதம் பிடித்தது. காக்கியில் மெஷின் ஆயில் கறை அப்படியே இருக்கிறது. எம்புட்டுத் துவைத்தும் அவர் இருக்கும்போதே போகாத கறை, இப்போது மட்டும் போய்விடுமா.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அத்தை குருவம்மாள் சுந்தரபாண்டியத்திலிருந்து வில்லிபுத்தூரில் பஸ் மாறி வந்து இறங்கினாள். யார் போய்ச் சொன்னார்களோ, வாசலிலேயே நின்றுகொண்டு, செத்தவன் துணியைத் தண்ணியில விடுவாக, இல்லாட்டி வண்ணானுக்குக் குடுப்பாக, நீ கால்மிதி செய்யுதியாமே, தம்பி ஒனக்கு என்னட்டி கெடுதல் பண்ணினான் என்று ஆரம்பித்தாள். உள்ளே வந்தும் விரிப்பை மிதிக்காமல் ஒதுங்கிச் சுற்றித்தான் நடந்தாள். காபி கொடுத்தேன், குடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. உன் அத்தையை உனக்குத் தெரியும், கோபம் வந்தால் காபிக்குச் சீனி போதாது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்வாள். நானும் பொறுத்துப் பார்த்தேன். பிறகு சொன்னேன், மதினி, விமல் பத்து மாசக் குழந்தையா இருக்கும்போது அவிய நெஞ்சுல ஏறி நின்னுக்கிட்டுக் குதிப்பான், மிதிலே மிதிலேன்னு அவிய சிரிப்பாக, அன்னைக்கு நெஞ்சை மிதிச்ச காலு இன்னைக்குச் சட்டையை மிதிச்சா ஆகாதோ என்று கேட்டேன். அதற்குப் பதில் ராத்திரிச் சாப்பாட்டில்தான் வந்தது. குழம்பு உப்பு என்றாள்.

மறுநாள் காலையில்தான் வினை வந்தது. வேலை முடிந்துவிட்டது, ஒரு அலசு அலசிக் காயவைத்துக் கொடுத்துவிடலாம் என்று விரிப்பைத் துவைகல்லில் போட்டு பார் சோப்பைத் தேய்த்தேன். உன் அத்தை குழாயடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றாள். நுரைக்குள் சிவப்பாகத் தெரிந்தது. ஊசி குத்தின விரலில்தான் ரத்தம் என்று நினைத்துக் கையைப் பார்த்தேன், காயம் ஒன்றும் இல்லை. தேய்க்கத் தேய்க்க அந்த வெள்ளைப் பிரி மட்டும் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் வட்டம் வட்டமாகக் குங்குமம் கரைத்ததுபோலச் சிவந்துகொண்டே போனது. மஞ்சள் நனைத்த துணியில் சோப்புப் பட்டால்தான் அப்படிச் சிவக்கும். நான் பழுப்பு என்று நினைத்தது பழுப்பு இல்லை. கையில் சோப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தை வாயைக் கொப்புளித்துவிட்டுக் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். ஏட்டி வேலு, இது தம்பி பூக்குழிக்குக் கட்டின வேட்டிட்டி என்றாள்.

உனக்கு நினைவிருக்கும், நீ மஸ்கட் போன வருசம் பங்குனியில் உங்கப்பா வில்லிபுத்தூர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிப் பூக்குழி நெருப்பில் இறங்கினார். அடுத்த வருசமும் இறங்கினார். நேர்த்திக்கடன் என்றார், என்ன நேர்த்தி என்று நான் கேட்டதற்கு, முடியுமுன்னே வெளியே சொன்னால் பலிக்காது என்று வாயை மூடிவிட்டார். இரண்டு வருசத்தோடு முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். உன் அத்தை சொல்லித்தான் தெரிந்தது, அவர்கள் வீட்டு வழக்கம் மூன்று வருசமாம். மூன்றாவது வருசம் இறங்கி முடித்ததும் கட்டின வேட்டியை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டுமாம். முடிக்காதவன்தான் துணியை வீட்டில் வைத்திருப்பான் என்றாள். போன வருசம் பூக்குழி அன்றைக்கு உங்கப்பா காலில் சர்க்கரைப் புண்ணோடு ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மணி என்ன, மணி என்ன, கூட்டம் இறங்கியிருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். புண்ணுக் காலை வச்சுக்கிட்டு உங்களுக்கு இப்ப பூக்குழி ஒண்ணுதான் கேடு என்று நான் வைதேன். அதை உனக்கு இது வரைக்கும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

உன் அத்தை சொன்னாள், இனி இதைக் காலால் தொடக் கூடாது, ஆத்தாளுக்கு நேர்ந்த துணி, முழுசாகக் கொண்டுபோய்த் தண்ணியில் விட்டுவிடு, ஒம் மகனுக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுத்து விடு என்று. அவள் சொன்னதில் பாதிதான் சரி. ஆத்தாளுக்கு உள்ளது ஆத்தாளுக்கு, எம் மகனுக்கு உள்ளது எம் மகனுக்கு, ரெண்டையும் நான் பிரிச்சிருவேன் மதினி என்றேன். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்குட்டி, ஒரு மாசம் தைச்சதை எப்படிப் பிரிச்சுத் தைப்ப என்றாள். பிரிப்பேன் என்றேன். ஈரத்தோடேயே பிரிக்க உட்கார்ந்தேன். அவள் கொஞ்ச நேரம் தூணில் சாய்ந்துகொண்டு பார்த்தாள், பிறகு அவளே போய் பிளேடை எடுத்துக்கொண்டு வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். மில்லுக்காரி தையலாப் போச்சு, பிரிக்கக்கூட விடமாட்டேங்குது என்று திட்டிக்கொண்டே பிரித்தாள். அன்றைக்குப் போகிறேன் என்று வந்தவள் நாலு நாளாக இங்கேதான் இருக்கிறாள். மஞ்சள் நாடா முப்பதையும் எண்ணி எடுத்து, வெறும் தண்ணீரில் அலசி, கொடியில் தனியாகப் போட்டோம். அந்தப் பிரிக்குப் பதில் என்ன போடுவது என்று தேடினேன். மில்லில் எனக்குக் கொடுத்த நீலக் கோட்டு மூன்று, வேலையிலிருந்து நின்ற பிறகும் எறியாமல் வைத்திருந்தேன், அதைக் கிழித்துச் சேர்த்துக்கொண்டேன். துணி போதாமல் வட்டம் முன்னைவிடச் சின்னதாகிவிட்டது, நீ இரண்டு காலையும் வைக்க அது போதும். ஓரத்தில் இரண்டு சுற்று உன் அத்தை பின்னியது, தொளதொளவென்று இருக்கும், பார்த்தாலே தெரியும், அவளிடம் சொல்லாதே.

நேற்று பேச்சிமுத்து விரிப்பு எத்தனை கிலோ வரும் என்று எடை பார்க்க வந்தான். வேட்டி விசயத்தைக் கேட்டுவிட்டு, மாமா எங்க விசாவுக்குத்தான் இறங்கியிருப்பாக, விமலும் நானும் ஒண்ணாத்தான போனோம் என்றான். உன் அத்தை, ஒன் விசாவுக்கு என் தம்பி கால் சுடணுமாக்கும், அவன் இறங்கினது என் மக மகாலட்சுமிக்குப் பிள்ளை தங்கணும்னுதான் என்றாள். இரண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் கிழிந்த முப்பது நாடாவையும் ஓரத்தோடு ஓரம் வைத்து மறுபடியும் வேட்டியாகத் தைத்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று உன் அத்தை கேட்டாள். அவிய விட்ட மூணாவது வருசத்தை நான் இறங்குவேன் மதினி என்றேன். வீட்டில் துக்கம் நடந்து ஒரு வருசம் கழியாமல் காப்புக் கட்டக் கூடாது, அதனால் வருகிற பங்குனி இல்லை, அதற்கு அடுத்த பங்குனி. மஞ்சள் சேலையைக் கட்டி, இந்த வேட்டியை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்குவேன். முட்டிவலிக்காரி பஸ் ஏறவே முக்குதா, பூக்குழி இறங்கப் போறாளாம் என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சரி, என்னன்னு சொல்லி எறங்குவ, அவன் கேட்டது ஒனக்குத் தெரியாதே என்றாள். அவிய கேட்டது எதுவோ அதுக்கு, அம்புட்டுத்தான் என்றேன். நீ போனில் வேண்டாம் என்று சொல்லாதே. உன்னிடம் சம்மதம் கேட்கவில்லை ஐயா, சொல்கிறேன். இன்றையிலிருந்தே காலையில் கண்மாய்க் கரை வரைக்கும் நடக்கத் தொடங்கிவிட்டேன், அதற்குள் முட்டியைச் சரிபண்ணிவிடுவேன்.

விரிப்பைக் கட்டிலுக்குக் கீழே, நீ இறங்குகிற பக்கம் போடு. வாரம் ஒரு தடவை உதறு, நிழலில் காயப்போடு. மிதிக்கத் தயங்காதே, தயங்குவதற்கு உள்ளதை நான் எடுத்துவிட்டேன். ராத்திரி படுக்கும்போது குதிகாலுக்கு நல்லெண்ணெய் தேய். சூப்பர்வைசரிடம் வாய் கொடுக்காதே, உங்கப்பா மாதிரி மனசில் வைத்துக்கொண்டு வேலையைப் பார். வெறும் பிரட்டைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லாதே, பேச்சிமுத்து எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டான். மாங்காய் ஊறுகாய் வைத்திருக்கிறேன், டப்பா ஷெரின் வீட்டு டப்பா, அடுத்து வருகிறவர்களிடம் மறக்காமல் கொடுத்து விடு. உன் கையும் காலும் திடமாக இருக்க, நினைத்தது நடந்து நீ ஊர் வந்து சேர, மாரியாத்தா உன் பக்கத்திலேயே நிற்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
வேலுத்தாய்
செட்டியார்பட்டி

காகிதத்தில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. உன் அத்தை அவள் மகளுக்கு என்கிறாள், பேச்சிமுத்து விசாவுக்கு என்கிறான், நான் உனக்காகத்தான் என்று வைத்திருக்கிறேன். முப்பத்தொரு வருசத்தில், வேலு, உனக்கு என்ன வேண்டும் என்று அவர் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஐயா, அந்த நெருப்பில் கால் வைக்கும்போது உங்கப்பா ஆத்தாளிடம் கேட்டதில், எனக்கென்று ஒரு வார்த்தையாவது இருந்திருக்குமா?