கன்னிப் பெட்டிக்கு ஒரு சுடிதார்

18.12.95, திங்கள்

பிச்சி, இன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. பாதிச் சோறு தின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. உன் அப்பா அதற்கு முன்னாலேயே சாப்பிட்டு எழுந்துவிட்டார். அவருக்கும் தெரியவில்லையோ, தெரிந்தும் சொல்லவில்லையோ.

எழுதினால் மனசு லேசாகும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். நான் படித்தது எட்டாங்கிளாஸ். எழுத்து கோணலாகத்தான் வருகிறது. லேசாகவும் இல்லை, கனமாகவும் இல்லை.

21.12.95

ஆழ்வார்குறிச்சியிலிருந்து உன் அத்தை வந்திருந்தார்கள். போன மாசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கல்யாணம் ஆகாமல் போன பிள்ளைக்கு வருசம் திரும்புமுன் கன்னி பூசை போட வேண்டுமாம். தை மூன்றாம் செவ்வாய், உச்சிப்பொழுதில். ஓலைப்பெட்டியில் புதுத்துணி, வளையல், கண்மை, பூ எல்லாம் வைத்துக் கும்பிட்டு, பெட்டியை ஊர் வீட்டில் பூசை அறையில் வைத்துவிடுவார்கள். பிறகு வருசா வருசம் புதுத்துணி.

“பட்டுப் பாவாடையும் தாவணியும் நானே எடுத்தாறேன். நீ ஒண்ணுக்கும் அலையாண்டாம்” என்றார்கள்.

சரி மதினி என்றேன். இந்த வீட்டில் துணி எடுப்பது என்றைக்கும் மதினிதான். என் கல்யாணச் சேலையே அவர்கள் எடுத்ததுதான். எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

25.12.95

உன் கூட்டாளி ஜெபராணி கேக் கொண்டுவந்து தந்தாள். மூடி வைத்தேன். எறும்பு தின்றது.

6.1.96

கோமுவும் ஜெபராணியும் வந்தார்கள். காலேஜில் உன்னோடு ஒரே பெஞ்சு. பூசையைப் பற்றிச் சொன்னேன். கோமு முகம் சுருங்கிவிட்டது.

“பாவாடை தாவணியாம்மா? அவ சுடிதாருக்குல்லா அலைஞ்சா.”

எனக்குத் தெரியாது. அவர்கள்தான் சொன்னார்கள். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று நீ போனது பாதி நாள் கிளாசுக்கு இல்லையாம். டவுனில் ஒரு ஜவுளிக்கடை. மூன்று பேரும் போய் எல்லாவற்றையும் இறக்கிப் பார்ப்பீர்களாம். விலை கேட்பீர்களாம். “அம்மாவக் கூட்டிட்டு வாறோம் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவீர்களாம். பஸ்ஸில் வரும்போது முழுக்க அந்தத் துணியைப் பற்றியே பேச்சு. மறுவாரம் திரும்பவும் போய், அது இருக்கிறதா என்று பார்ப்பது.

“வித்துப்போச்சுன்னா அது நல்ல துணி. விக்காம அங்கனயே கெடந்தா, அதுல என்னமோ கோளாறு இருக்குன்னு விட்டுருவோம்” என்றாள் ஜெபராணி.

“அப்படின்னா எப்படி எடுப்பீங்க?” என்று கேட்டேன்.

“அதான் எடுக்கவே இல்ல.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். சிரித்தால் என்ன, சிரிக்கட்டும். எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

உனக்கு எந்த நிறம் பிடித்தது என்று கேட்டேன். மயில்கழுத்து என்றாள் கோமு. “போடி, அவ மஞ்சள்தான் சொன்னா” என்றாள் ஜெபராணி. சண்டையே வந்துவிட்டது. என்னிடம் கேட்டிருந்தால் நான் எதைச் சொல்லியிருப்பேன்? உன்னைப் பெற்றவள் நான்.

7.1.96

உன் அப்பாவிடம் சுடிதார் எடுக்கவா என்று கேட்டேன்.

“அக்கா என்ன சொல்லுவாளோ” என்றார். படுக்கப் போகும்போது, “பீரோவுல ரூவா இருக்கு” என்றார்.

15.1.96

பொங்கல். பானை வைக்கவில்லை.

20.1.96, சனி

கோமுவும் ஜெபராணியும் என்னை டவுனுக்குக் கூட்டிப்போனார்கள். அதே கடை. அண்ணாச்சிக்கு இவர்களைத் தெரிந்திருக்கிறது.

“வாங்கம்மா. இன்னைக்காவது எடுப்பீங்களா, சும்மா மடிச்சு வைக்கச் சொல்லுவீங்களா?”

இவர்கள் துணி பார்க்கிற அழகை இன்றுதான் பார்த்தேன். கோமு துணியை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிறாள். ஜெபராணி கைக்குட்டையை நனைத்து ஓரத்தில் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கிறாள். துப்பட்டாவைத் தோளில் போட்டு, “இது வழுக்கும்டி, பஸ்ஸுல ஏறுததுக்குள்ள கீழ கெடக்கும்” என்கிறாள். விலை கூடினால் ஏமாற்று, குறைந்தால் மட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றம். நீயும் இப்படித்தான் நின்றிருப்பாய், இல்லையா?

மஞ்சள் ஒன்று நன்றாக இருந்தது. “நல்லாத்தான் இருக்கு, ரெண்டு துவைக்கு வெளுத்துரும்லா” என்றாள் கோமு.

“இது என்ன துவைக்கவா—” என்று ஆரம்பித்த ஜெபராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணாச்சி, “பைய பாருங்க, அவசரம் இல்ல” என்றார். கோமு சட்டென்று எழுந்தாள். பழக்கம்தான்.

“அம்மாவக் கூட்டிட்டு வாறோம் அண்ணாச்சி.”

“அப்ப இவுக யாரு?” என்றார் அவர் என்னைக் காட்டி.

கோமுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் உட்கார்ந்த இடத்திலேயே, “அம்மாதான் வந்திருக்கேன்” என்றேன். அந்த மஞ்சளையே எடுக்கச் சொன்னேன். மயில்கழுத்தில் துப்பட்டா போடும்படி சொன்னேன். அப்படிச் சேராது என்று பிள்ளைகள் சொல்லவில்லை.

என்ன சைஸ் என்று கேட்டார்.

“ஒரு சைஸ் கூடவே குடுங்க. வளர்ற புள்ள.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. பிள்ளைகள் இரண்டும் தலையே நிமிரவில்லை. அண்ணாச்சி கட்டிக் கொடுத்துவிட்டார். நான் மாற்றவில்லை.

26.1.96

தூங்கினேன்.

30.1.96, செவ்வாய். ஆழ்வார்குறிச்சி

காலையிலேயே மதினி பையைத் திறந்து பார்த்துவிட்டார்கள்.

“இது என்ன கூத்து? கன்னிக்குக் கால்சட்டை வச்ச குடும்பம்னு ஊரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாவ. யாரு எடுத்தது, அந்தப் பொட்டப்புள்ளைவளா?”

“நான் எடுத்தது மதினி.”

“நீயா?”

“நான்தான்.”

உன் அப்பா வாசல் பக்கம் போய்விட்டார். மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்றால் பெட்டியையே தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் நம் வீட்டுக்கே போய்விடலாம் என்று இருந்தேன். அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததே இல்லை.

மதினி துணியை எடுத்து விரலில் நெருடிப் பார்த்தார்கள். உள்பக்கம் திருப்பினார்கள்.

“தையல் கெட்டியாத்தான் போட்டிருக்கான்” என்றார்கள். பிறகு, “கலர்தான் கண்ணைக் குத்துது. கெடக்கட்டும். ரெண்டையும் வைப்போம். எது வேணுமோ உடுத்திக்கிடட்டும்.”

பாவாடை தாவணி ஒரு பக்கம், சுடிதார் ஒரு பக்கம். நடுவில் வளையல், பூ. விளக்கேற்றிக் கும்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கன்னி வந்து உடுத்திக்கொண்டு போகிற நேரமாம், யாரும் உள்ளே நிற்கக்கூடாதாம். வெளியே நாங்கள் எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பசித்தது. இத்தனை மாசத்தில் இன்றைக்குத்தான் பசி என்று ஒன்று தெரிந்தது.

கதவைத் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டி பெட்டியாகவே இருந்தது. மதினி குனிந்து பார்த்துவிட்டு, “புள்ள வந்துட்டுப் போயிட்டா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எதை வைத்துச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நானும் குனிந்து பார்த்தேன். இரண்டும் மடித்தது மடித்தபடிதான் எனக்குத் தெரிந்தது.

சாப்பிடும்போது, “வாற வருசம் துணி நீயே எடுத்துரு” என்றார்கள் மதினி. சரி என்றேன். அதற்கு எனக்கு ஒன்று தெரிய வேண்டும்.

ரெண்டுல எதைட்டி உடுத்துன?